கிட்டாருக்கும் கூழுக்கும் என்ன சம்பந்தம்?

இந்த வாரம் மணலூர்பேட்டை வட்டாரத்து வாசகர்கள் கூட்டுச் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். எல்லாக் கேள்வியும் பிரேசிலில் கிளம்பி, தென்பெண்ணை ஆற்றங்கரையில் வந்து நிற்கிறது.

மைக்செட் கடைக்காரர், மணலூர்பேட்டை

என் மகன் ராபர்ட்டோ கார்லோஸ் என்கிற பிரேசில் பாடகரின் பாட்டைக் கடையில் அலறவிடுகிறான். கல்யாணத்துக்கு செட் பேச வருகிறவர்கள் திருதிருவென்று முழிக்கிறார்கள். யார் ஐயா இவர்?

பிரேசிலில் அவரை 'ராஜா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நமக்கும் ஒரு ராஜா இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1941-இல் கஷோயிரோ என்ற சிற்றூரில் பிறந்தவர். 1961-இல் முதல் எல்.பி. போட்டார். காதலும் ஏக்கமுமாக மென்மையான பாட்டுகள். யாரும் சீந்தவில்லை. பின்னால் நாடே தலையில் தூக்கி வைத்து ஆடியபோதும் அந்த முதல் தட்டை மறுபடி வெளியிட அவர் சம்மதிக்கவே இல்லை. 1963-இல் ராக் பக்கம் திரும்பினார். 1964-இல் வந்த ஆல்பம் ஓடியது. 1965-இல் வந்தது பறந்தது. மகனைத் திட்டாதீர்கள். கல்யாண வீட்டில் மட்டும் வேறு பாட்டுப் போடச் சொல்லுங்கள்.

கால்பந்துப் பிரியர், மூங்கில்துறைப்பட்டு

ராபர்ட்டோ கார்லோஸ் கால்பந்து வீரர் அல்லவா? எப்போது பாட ஆரம்பித்தார்?

1997-இல் பிரான்ஸுக்கு எதிராகப் பந்தை வளைத்து அடித்து கோல்கீப்பரைச் சிலையாக்கியவர் வேறு ஆள். அவர் பிறந்ததே 1973-இல். அதற்குள் பாடகர் ராக்கை ஓரம் கட்டிவிட்டுக் காதல் பாட்டுக்குப் போயாகிவிட்டது. ஒற்றுமை ஒன்று உண்டு: ஒருவர் பந்து, இன்னொருவர் பாட்டு, இரண்டும் யாரும் எதிர்பாராத இடத்தில் திரும்பின.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மணலூர்பேட்டை

அந்த 1964 ஆல்பத்தின் பெயருக்கு 'புகை பிடிக்கக் கூடாது' என்று பொருளாமே? இளைஞர்களுக்கு நல்ல அறிவுரை!

அவசரப்பட்டுப் பாராட்டுவிழா எடுத்துவிடாதீர்கள் ஐயா. சுவரில் எச்சரிக்கைப் பலகையைப் பார்க்கிற பையன், தீப்பிடித்துவிடும் என்கிற எச்சரிக்கையைத் தன் காதலுக்குப் பொருத்திக்கொள்கிற பாட்டு அது. நெஞ்சு பற்றி எரிகிறவனுக்குப் பீடி எதற்கு? எழுதியவர்கள் ராபர்ட்டோவும் அவருடைய ஆருயிர் நண்பர் எராஸ்மோ கார்லோஸும். பெயரில் கார்லோஸ் இருந்தாலும் உடன்பிறப்பில்லை. 2022-இல் எராஸ்மோ காலமாகும் வரை அந்தக் கூட்டணி பிரேசிலின் விஸ்வநாதன்-ராமமூர்த்தி மாதிரி. ஒரே வித்தியாசம், நம்மவர்கள் 1965-இல் பிரிந்துவிட்டார்கள்.

கரும்பு டிராக்டர் ஓட்டுநர், ரிஷிவந்தியம் பக்கம்

ராக் பாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா?

அதே ஆல்பத்தில் உங்களுக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஒருவன் தன் பளபள காடிலாக் காரை ரிப்பேருக்கு விடுகிறான். மெக்கானிக் அதுவரை ஓட்டிக்கொள்ளச் சொல்லி ஓர் ஓட்டை உடைசல் வண்டியைத் தருகிறார். பார்த்தால், பெண்கள் எல்லாம் ஓட்டை வண்டியைத்தான் ரசிக்கிறார்கள்! காடிலாக் திரும்பி வந்த பிறகும் மனசு அந்தத் தகர டப்பாவையே சுற்றுகிறது. அமெரிக்காவின் ஜான் லௌடர்மில்க் எழுதிய பாட்டின் போர்த்துகீசிய வடிவம் அது. அங்கே அந்த ஓட்டை வண்டியின் பெயரில் துணிமணிகூட விற்றார்கள். உங்கள் டிராக்டருக்கு இன்னும் பாட்டு வரவில்லையென்றால், குறை டிராக்டரிடம் இல்லை.

பி.காம். மாணவர், திருக்கோவிலூர்

ஒரு தோல்வி ஆல்பத்துக்குப் பிறகு ராபர்ட்டோ எப்படி ஜெயித்தார்? திறமையா, அதிர்ஷ்டமா?

கால்பந்து. விளையாட்டில்லை, நிஜமாகவே. சாவோ பாலோவில் டி.வி. ரெக்கார்ட் என்ற நிறுவனம் ஞாயிறு மதியம் கால்பந்தை நேரடியாகக் காட்டி வந்தது. மைதானத்தில் கூட்டம் குறைகிறது என்று நேரடி ஒளிபரப்புக்குத் தடை போட்டார்கள். திடீரென்று ஞாயிறு மதியம் காலியாகக் கிடந்தது. அந்த ஓட்டையை அடைக்க, 1965 ஆகஸ்ட் 22-இல் 'ஜோவெங் குவார்தா' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். ராபர்ட்டோ, எராஸ்மோ, வாண்டர்லேயா என்ற பாடகி, மூன்று பேரும் தொகுப்பாளர்கள். வாராவாரம் வீட்டுக்குள் வந்து பாடினார்கள். அந்த வருடக் கடைசியில் அதே பெயரில் ஆல்பம் வந்தபோது வாங்கத் தயாராக ஒரு தலைமுறையே உட்கார்ந்திருந்தது. நிகழ்ச்சி 1968-இல் முடிந்தது. ராஜா முடியவில்லை.

நம்மூர்க் கணக்கைப் பாருங்கள். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-இல். வந்ததும் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' போட்டு எல்லாரையும் உட்கார வைத்தது. போட்டதெல்லாம் சினிமாப் பாட்டு.

இல்லத்தரசி, சங்கராபுரம்

சரி, அந்த 1964-இல் தமிழன் என்ன செய்துகொண்டிருந்தான்?

'காதலிக்க நேரமில்லை' பார்த்துக்கொண்டிருந்தான். ஆழியாறு பங்களா எதிரில் கூடாரம் அடித்து, வேலை போன ரவிச்சந்திரன் கூட்டாளிகளோடு கிட்டாரும் கையுமாக பாலையாவிடம் வேலை கேட்டு ஆடுவாரே, அது ராக் இல்லாமல் வேறென்ன? முதலாளிக்கு எதிரான உள்ளிருப்புப் போராட்டத்தைத் துள்ளலிசையில் நடத்தியது உலகத்திலேயே நாமாகத்தான் இருப்போம். அதற்கும் முன்பே தூத்துக்குடிக்காரர் சந்திரபாபு தொண்டையை உடைத்து ஏற்றி இறக்கும் 'யோடலிங்'கைத் தமிழ்ப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். பாட்டு நம்மிடமும் இருந்தது. ஆனால் இங்கே தட்டின் அட்டையில் இருந்தது படத்தின் பெயர். பாடகரின் பெயர் பின்பக்கம் பொடி எழுத்தில்.

மளிகைக்கடைக்காரர், மணலூர்பேட்டை

அப்படியானால் சினிமா தயவு இல்லாமல் தட்டு விற்ற தமிழ்ப் பாடகரே கிடையாதா?

உண்டு. நீங்கள் காலையில் கடை திறந்ததும் போடுகிறீர்களே, அவர்கள்தான்! விநாயகருக்கு சீர்காழி கோவிந்தராஜன், முருகனுக்கு டி.எம்.சௌந்தரராஜன், ஐயப்பனுக்கு கே.வீரமணி (கறுப்புச் சட்டைக்காரர் அல்ல, கறுப்பு வேட்டிக்காரர்களுக்குப் பாடியவர்), அல்லாவுக்கு நாகூர் ஹனிபா. தமிழ்நாட்டில் படத்தின் தயவில்லாமல், பாடகரின் பெயருக்காகவே ஜனம் காசு கொடுத்து வாங்கிய ஆல்பம் பக்தி ஆல்பம். காரணம் எளிது. பிரேசிலில் ராபர்ட்டோவுக்கு ஞாயிறு மதிய டி.வி. கிடைத்தது. இங்கே சினிமாவுக்கு வெளியே இருந்த ஒரே பெரிய மேடை கோயில் ஒலிபெருக்கி. மேடை எங்கே இருக்கிறதோ, ஆல்பம் அங்கேதான் பிழைக்கும்.

கல்லூரி மாணவி, தியாகதுருகம்

அதெல்லாம் பக்திப் பாட்டு. நான் கேட்பது ராக்!

நானும் அதைத்தான் சொல்கிறேன் அம்மா. ஆடி மாதம் உங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது குழாய் ஸ்பீக்கரில் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வருமே, யாருடையது? எல்.ஆர்.ஈஸ்வரி. 'பணமா பாசமா'வில் இலந்தைப் பழம் விற்ற குரல். 'சிவந்த மண்'ணில் சவுக்கடிக்கு நடுவே பாடிய குரல். ஆட்டப் பாட்டு என்றால் எம்.எஸ்.வி. கூப்பிட்ட குரல். அதே குரல் அம்மன் பாட்டுக்கு வந்தபோது வேகத்தையும் அதட்டலையும் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை, அப்படியே கொண்டுவந்தது. முழுப்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி என்பதை அறிந்தால் அம்மனே சிரிப்பாள். நம்முடைய முதல் வெற்றிகரமான ராக் ஆல்பம் எது என்று என்னை மடக்கினால், ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் என்பேன். கிட்டார் குறைவு, உடுக்கை அதிகம். அவ்வளவுதான்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருக்கோவிலூர்

ராக் பாடுகிற பெண்களை எந்த ஊரிலாவது நிம்மதியாக விட்டார்களா?

பிரேசிலில் ராபர்ட்டோவுக்கும் முன்பே ராக் நட்சத்திரம் ஆனது ஒரு பெண். செல்லி கம்பெல்லோ. 1959-இல் ஓர் அமெரிக்கப் பாட்டைப் போர்த்துகீசியத்தில் பாடி ஊரைக் கலக்கினார். பதினாறு, பதினேழு வயது. 1962-இல் கல்யாணம், பாட்டுக்கு முழுக்கு. இங்கே உஷா உதுப். பம்பாயில் பிறந்த தமிழ்ப் பெண். இந்தக் குரல் சரிப்படாது என்று பள்ளி இசை வகுப்பிலிருந்தே வெளியே அனுப்பப்பட்டவர். 1960-களின் கடைசியில் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் புடவை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். 'ஜம்பலாயா', 'கிரீன்பேக் டாலர்' ஆகிய ஆங்கிலப் பாட்டுகளைத் தட்டில் பதிந்து பெயர் வாங்கினார். பட்டுப்புடவையும் பெரிய பொட்டும் இன்றுவரை மாறவில்லை. 2024-இல் பத்மபூஷண் வந்தது. இசை வகுப்புக்கு மறுபடி கூப்பிட்டார்களா என்று செய்தி இல்லை.

ஒலிபரப்பு ரசிகர் (வயது 70), மணலூர்பேட்டை

எங்கள் காலத்தில் இலங்கை வானொலியில் 'சுராங்கனி' கேட்டோம். அது ராக் இல்லையா?

அது பைலா. ஆனால் உங்கள் கேள்விக்குள் பிரேசில் ஒளிந்திருக்கிறது தாத்தா. பிரேசிலை 1822 வரை வைத்திருந்த அதே போர்ச்சுக்கல்தான் இலங்கைக் கரையிலும் இறங்கியது. யாழ்ப்பாணத்தை 1619-இலிருந்து 1658 வரை ஆண்டது. அவர்களோடும் அவர்கள் அழைத்துவந்த ஆப்பிரிக்கர்களோடும் வந்த தாளம் அங்கே பைலாவாக நின்றுவிட்டது. ஏ.ஈ.மனோகரன் அதில் சிங்களத்தையும் தமிழையும் கலந்து 'சிலோன் மனோகர்' ஆனார். நித்தி கனகரத்தினம் கிட்டாரை வைத்துக்கொண்டு 'சின்ன மாமியே' என்று யாழ்ப்பாணத்துத் தமிழில் பாடினார். சினிமாவைச் சாராத தமிழ்ப் பொப்பிசை முதலில் வேர் பிடித்தது ஈழத்தில்தான். அங்கே கோடம்பாக்கம் இல்லை, வானொலி இருந்தது. 'சுராங்கனி' கடல் தாண்டி வந்ததும் என்ன ஆயிற்று? 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் சேர்ந்துகொண்டது. நம் சினிமா எதையும் வெளியே விட்டுவைக்காது.

கோயில் தர்மகர்த்தா, மணலூர்பேட்டை பக்கத்துக் கிராமம்

திருவிழாவில் நாதஸ்வரம் போதும், எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். சரிதானே?

உங்களுக்கு முன்பே பிரேசிலில் ஊர்வலமே போய்விட்டார்கள். 1967 ஜூலை 17, சாவோ பாலோ. நாட்டு இசையைக் காப்பாற்ற எலெக்ட்ரிக் கிட்டாருக்கு எதிராக நடந்தார்கள். முன்வரிசையில் எலிஸ் ரெஜினா என்ற மாபெரும் பாடகி. கூடவே நடந்தவர்களில் ஒருவர் ஜில்பர்ட்டோ ஜில். அதே வருடம் அக்டோபரில் அதே ஜில், எலெக்ட்ரிக் கிட்டார் குழுவோடு பாட்டுப் போட்டி மேடை ஏறினார்! பின்னாளில் கலாசார அமைச்சரும் ஆனார். நம் கதை மட்டும் என்ன? வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின்சார மாண்டலின். தீர்மானத்தைக் கிழிக்க வேண்டாம். பென்சிலில் எழுதி வையுங்கள்.

முடிதிருத்துநர், மணலூர்பேட்டை

ராக் பாடகர்களைப் பார்த்துப் பையன்கள் முடி வளர்க்கிறார்கள். என் தொழிலுக்கு நஷ்டம். இவர்களால் யாருக்காவது நன்மை உண்டா?

ஒரு முடிக்கதை சொல்கிறேன். 1964-இல் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நாடு இப்படிக் கிடக்க, இந்த ஆள் காரையும் காதலையும் பாடுகிறாரே என்று ராபர்ட்டோவை அறிவுஜீவிகள் வறுத்தெடுத்தார்கள். 1968 டிசம்பரில் கேத்தானோ வெலோசோ என்ற சுருட்டை முடிப் பாடகரையும், மேலே சொன்ன ஜில்லையும் ராணுவம் பிடித்துப் போனது. பிறகு லண்டனுக்குத் துரத்தியது. 1971-இல் ராபர்ட்டோ ஒரு பாட்டு வெளியிட்டார். ஒரு சுருட்டை முடியைப் பற்றி, ஊர் திரும்பப்போகும் ஒருவரைப் பற்றி. கேட்டவர்கள் காதல் பாட்டு என்று நினைத்தார்கள். அது நாடு கடத்தப்பட்ட நண்பருக்கு எழுதியது. முடி வளர்த்தால் இப்படியும் பயன் உண்டு. நீங்கள் ட்ரிம் செய்தாவது பிழைத்துக்கொள்ளலாம்.

நடனப் பயிற்சியாளர், கள்ளக்குறிச்சி

ராபர்ட்டோ கார்லோஸ் மேடையில் எல்விஸ் மாதிரி ஆடுவாரா?

ஆறு வயதில் ரயில் விபத்தில் வலது காலின் ஒரு பகுதியை இழந்தவர் அவர். செயற்கைக் காலோடுதான் அத்தனை மேடைகளும். அதைச் சொல்லி அனுதாபம் தேடியதில்லை, பேசுவதே அபூர்வம். ஆட்டத்தை ரசிகர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஜோதிடர், சின்னசேலம்

வெளிநாட்டு ராக் பாடகர்களுக்கு சென்டிமென்ட் கிடையாதுதானே?

யார் சொன்னது? 1965-இல் ராபர்ட்டோவை உச்சிக்குக் கொண்டுபோன பாட்டே 'எல்லாம் நரகத்துக்குப் போகட்டும்' என்கிற ரகம். பிறகு 'நரகம்' என்று வாயால் சொல்லவே பிடிக்காமல், அந்தப் பாட்டைப் பல பத்தாண்டுகள் மேடையில் பாடாமலே இருந்தார். பழுப்பு நிறம் ஆகாது, நீலம்தான் ராசி. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளாதது ஒன்றுதான் பாக்கி. அங்கே கிளை திறக்கும் யோசனை இருந்தால் தாராளமாகப் போய்வாருங்கள்.

கீபோர்டு கலைஞர், உளுந்தூர்பேட்டை

ரஹ்மானும் முதலில் ராக் வாசித்தவராமே?

ஆமாம். ரஹ்மான் ஆவதற்கு முன் திலீப். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'ரூட்ஸ்' குழு. பிறகு 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழு. 'ரோஜா'வுக்கு முன்பே மால்குடி சுபா பாட, 'செட் மீ ஃப்ரீ' என்று ஓர் ஆங்கில பாப் ஆல்பம் போட்டார். கண்டுகொள்ள ஆளில்லை. 1992-இல் 'ரோஜா' வந்து, பெயர் ஊரெல்லாம் பரவிய பிறகு அதே ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு ஆல்பம் 'தீன் இசை மாலை'. இஸ்லாமியப் பக்திப் பாடல்கள்! ஒரு கையில் பாப், மறு கையில் பக்தி. சினிமா வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. ராபர்ட்டோவும் 1970-இல் 'இயேசு கிறிஸ்து' என்று பாடி ஹிட் கொடுத்தவர்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பள்ளி மாணவர், வெள்ளிமலை, கல்வராயன்மலை

தமிழர் பாட்டு எதுவாவது பிரேசிலுக்குப் போயிருக்கிறதா? இங்கே சிக்னல் வந்து வந்து போகிறது. சுருக்கமாகச் சொல்லவும்.

மாயா அருள்பிரகாசம் என்கிற எம்.ஐ.ஏ. லண்டன்வாழ் ஈழத்தமிழ்ப் பெண். 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக வைத்து ஆல்பம் போட்டார். அதில் ஒரு பாட்டு ரியோ குப்பத்து 'ஃபங்க்' இசையை எடுத்துக் கட்டியது. பிரேசில் வானொலிகளிலேயே ஒலித்தது. அடுத்த ஆல்பம் 'கலா', தாயின் பெயர். அதற்கு சென்னை வந்து உறுமி மேளத்தைப் பதிந்துகொண்டு போனார். சிக்னல் இருக்கிறதா தம்பி?

வழக்கறிஞர், கள்ளக்குறிச்சி

இன்றைக்காவது சினிமாவைச் சாராத இசைக்கு இங்கே வழி உண்டா?

உண்டு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே கொட்டில். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' சிந்தனையிலிருந்து எடுத்தது. பின்னணியில் இயக்குநர் பா.ரஞ்சித், இசையில் டென்மா. காதலும் காரும் தாண்டி, இடஒதுக்கீட்டையும் சாதியையும் பாடினார்கள். கூட்டம் நின்று கேட்டது. படம் இல்லை, கதாநாயகன் இல்லை, இடைவேளை முறுக்கு இல்லை. மேடை போட்டால் காது வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா, கனம் வக்கீல் அவர்களே?

இளைஞர் மன்றச் செயலாளர், மணலூர்பேட்டை

தை மாத ஆற்றுத் திருவிழாவன்று ஆற்று மணலில் ராக் கச்சேரி வைத்தால், தீர்த்தவாரிக்கு வருகிற அண்ணாமலையார் கோபித்துக்கொள்வாரா?

உடுக்கை அடித்துத் தாண்டவம் ஆடுகிறவருக்கு டிரம்ஸ் புதிதா? அவர் கோபிக்கமாட்டார். தீர்த்தவாரி முடிவதற்குள் ஒலிசோதனை ஆரம்பித்தால் ஊர் கோபிக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் கோபிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது.

தூக்கம் கெட்டவர், மணலூர்பேட்டை

மேற்படி இளைஞர் மன்றத்துக்கு ஐடியா கொடுத்தது நீங்கள்தானா?

கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று நண்பர்கள், மணலூர்பேட்டை

ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு பறை வாங்கியிருக்கிறோம். நாங்களே எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. எடுத்த எடுப்பில் ஆல்பம் போடலாமா?

போடலாம். முதல் ஆல்பம் ஓடாது என்று எதிர்பார்த்தே போடுங்கள். ராபர்ட்டோவுக்கும் ஓடவில்லை, ரஹ்மானுக்கும் ஓடவில்லை. அதற்கு முன் மேடையைப் பிடியுங்கள். ராபர்ட்டோவுக்கு டி.வி.யில் ஒரு மதியம் காலியாகக் கிடைத்தது. உங்களுக்கு ஆடிக் கூழில் ஓர் அரைமணி கிடைக்காதா? இரண்டு ஈஸ்வரி பாட்டுப் பாடுங்கள், கூட்டம் நிற்கும். மூன்றாவதாக உங்கள் பாட்டு. அப்போதும் நின்றால் ஆல்பம். கலைந்தால் கூழ் குடித்துவிட்டு அடுத்த பாட்டை எழுதுங்கள்.

பேரூராட்சிப் பிரமுகர், மணலூர்பேட்டை

அந்தப் பையன்களின் கச்சேரிக்கு என்னைத் தலைமை தாங்க அழைத்திருக்கிறார்கள். ராக் பாடகருக்குப் பொன்னாடை போர்த்தலாமா?

தாராளமாக. தலைமையுரை மட்டும் ஒரு பாட்டை விடச் சின்னதாக இருக்கட்டும்.